துறையூருக்கு இலையுதிர் காலம் எப்போது?

இலையுதிர் காலம் என்ற சொல்லைப் பள்ளியில் படிக்காதவர் இருக்க முடியாது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு படம் போட்டிருக்கும். மூன்றாவது படத்தில் ஒரு மரம் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும், அடியில் சருகு கிடக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதே நவம்பரில் துறையூரில் வாசலுக்கு வந்து நின்றால் என்ன தெரியும்? மழை, சேறு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சை. சருகைத் தேடித்தான் பார்க்கணும்.

அக்டோபர் பிறந்ததும் வெளிநாட்டு வீடியோக்கள் வரிசை கட்டி வரும். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள், வீட்டிலேயே கேக் சுடுவார்கள், சிவந்த மரங்களைப் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். என் மகளுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். "நமக்கு மட்டும் ஏம்ப்பா இதெல்லாம் இல்ல?" என்று ஒரு நாள் கேட்டாள். நியாயமான கேள்வி. கொஞ்சம் தேடிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: மூன்றுமே நமக்கும் உண்டு, அதே மாதங்களில்தான் உண்டு. காரணம் மட்டும் வேறு. அதனால் வடிவமும் வேறு.

நம் காலத்தின் பெயர் கூதிர்

பழந்தமிழ்க் கணக்கில் பெரும்பொழுது ஆறு. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். அடுத்து முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இந்தப் பட்டியலில் இலை உதிர்வதற்கென்று ஒரு காலமே கிடையாது. மழை, குளிர், பனி, வெயில் ஆகியவற்றை வைத்துத்தான் ஆண்டைப் பிரித்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு அதுதான் பொருத்தம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 48 சதவீதம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிற திருச்சி வட்டாரத்தில் டிசம்பர் இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கும். கனடாக்காரருக்கு அது கோடை. நமக்கு நடுக்கம்!

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை முழுக்க இந்தக் கூதிர்காலத்துப் பாட்டு. 188 அடி. விசிறி பயன்படாமல் தொங்குவதும், குளிர்ந்த நீரை விட்டுவிட்டு மக்கள் நெருப்புச் சட்டியை நாடுவதும் அதில் வருகின்றன. வெளியே வாடைக்காற்று, உள்ளே கதகதப்பு. போர்வை, அடுப்பு, மழை விட்டதும் வெளியே ஒரு சுற்று என்கிற மூன்றும் இந்த நிலையிலிருந்து வருகிறவைதான்.

இரண்டு சேலை, 4,200 தையல்

மேல்நாட்டு ஒட்டுத்துணிப் போர்வையில் பொதுவாக மூன்று அடுக்கு இருக்கும். மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு அல்லது கம்பளி. பனி கொட்டுகிற ஊருக்கு அந்த நடு அடுக்கு தேவை. நமக்கு அது அதிகம். 20 டிகிரிக்குப் பழைய பருத்திச் சேலை நான்கு மடிப்பு போதும்.

இது எப்படி வேலை செய்கிறது? துணி சூடு தருவதில்லை. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். மடிப்புகளுக்கு இடையில் சிறைப்பட்ட காற்றுதான் உண்மையான போர்வை, துணி அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஒரே கனமான துணியைவிட நான்கு மெல்லிய அடுக்கு கதகதப்பாக இருப்பது அதனால்தான். தையலின் வேலை, துவைக்கும்போதும் புரளும்போதும் அடுக்குகள் நழுவி ஓரமாகச் சுருண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது.

பழைய சேலைதான் வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. புதுப் பருத்தி முதல் சில சலவையில் சுருங்கும். நான்கு அடுக்கும் நான்கு அளவில் சுருங்கினால் போர்வை கோணிக்கொள்ளும். இருபது வருஷம் கட்டித் துவைத்த சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். கஞ்சி போயிருக்கும், நூல் இளகியிருக்கும், ஊசி தடையில்லாமல் இறங்கும். பிறந்த குழந்தைக்கு நம் வீடுகளில் பழைய சேலையில் தூளி கட்டுவதும் இந்த மென்மைக்காகத்தான்.

இது நமக்கு மட்டுமே சொந்தமான யோசனை இல்லை. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, பீகாரில் சுஜனி, வட கர்நாடகத்தில் கவுதி எல்லாம் இதே வகை. வங்காளப் பெண்கள் பழைய சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்களின் கவந்தி இன்னும் சுவாரசியம்: ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து வருவார்கள், நான்கு மூலையிலும் 'பூலா' என்ற பூ மடிப்பு வைத்தால்தான் வேலை முடிந்த கணக்கு. வடமொழியில் 'கந்தா' என்றால் கந்தல். நம் கந்தையும் அதற்குப் பக்கத்துச் சொல்தான். எது எதிலிருந்து வந்தது என்ற சண்டைக்கு நான் போகவில்லை.

மேல்நாட்டிலும் இது பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலையுடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். 2002இல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின. தைத்தபோது அது குளிருக்கான ஏற்பாடு.

என் கணக்குக்கு வருகிறேன். அம்மா போய் இரண்டு வருஷம். அலமாரியில் 11 பருத்திச் சேலை இருந்தன. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் வந்தபோது, போட்டுவிடலாமா என்று பேச்சு வந்தது. பெரியம்மாதான் தடுத்தாங்க. "அதைக் கொடுத்து ஒரு குண்டான் வாங்கி என்னடா பண்ணப் போற? உக்காரு, நான் சொல்லித் தரேன்" என்றாங்க.

5.5 மீட்டர் சேலையை இரண்டாக மடித்தால் 2.75 மீட்டர் நீளம், சுமார் 1.2 மீட்டர் அகலம், இரண்டு அடுக்கு. இரண்டு சேலை சேர்ந்தால் நான்கு அடுக்கு. நைந்த சேலை உள்ளே, நல்ல சேலை வெளியே. முதலில் தரையில் விரித்துச் சுருக்கம் நீவி, பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு 5 செ.மீ. இடைவெளியில் நீளவாக்கில் 23 வரிசை. ஊசி உள்ளே போய் வெளியே வருகிற நேர்த் தையல், வேறு வித்தை எதுவும் இல்லை. மொத்தம் 63 மீட்டர். ஒரு தையலுக்கு ஒன்றரை செ.மீ. என்று வைத்தால் ஏறத்தாழ 4,200 தையல். என் வேகம் மணிக்கு 3 மீட்டர், ஆக 21 மணி நேரம். ஐப்பசி அடைமழையில், கரண்ட் போன மாலைகளில், அது எங்கே போனதென்றே தெரியவில்லை. வேலை நாளெல்லாம் திரையில் கண்டுபிடிக்க முடியாத பிழையைத் தேடுகிறவனுக்கு, தவறினால் உடனே கண்ணுக்குத் தெரிகிற வேலை என்ன நிம்மதி தெரியுமா!

குக்கருக்குள் ஒரு அடுப்பு

நம் சமையலில் ஆவியில் வேக வைப்பது உண்டு, எண்ணெயில் பொரிப்பது உண்டு. சுற்றிலும் வறண்ட சூடு கொடுத்துச் சுடுவதுதான் வீட்டில் குறைவு. இட்லி ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கிறது? ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, வெயிட் போட்ட குக்கரிலும் 120 டிகிரி சுமார்தான். மாவும் சர்க்கரையும் பழுப்பாகி, பேக்கரி வாசனை வர வேண்டுமானால் மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேல் போகணும். அதற்கு ஈரம் விலகியிருக்கணும்.

அவன் இல்லாத வீட்டில் இதற்கு வழி, தண்ணீர் ஊற்றாத குக்கர். காஸ்கெட், வெயிட் இரண்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். அடியில் ஒரு கிலோ கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிஷம் சூடாக்க வேண்டும். உப்பு அடுப்புச் சூட்டை வாங்கிப் பரப்பிக் கொடுக்கும், பாத்திரத்தின் அடி கருகாது. மணலும் இதே வேலையைச் செய்யும். நல்ல குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், பழையது ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

என்ன சுடுவது? நம் பக்கத்தில் வாழைப்பழத்துக்குப் பஞ்சமில்லை. தொட்டியம், முசிறிப் பக்கம் காவிரிக்கரை முழுக்க வாழைதான். வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையத்தையே 1993இல் திருச்சியில்தான் அமைத்தார்கள். தோல் கறுத்து, யாரும் தொடாமல் கிடக்கிற பழம்தான் கேக்குக்குச் சிறந்தது. பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. மசித்த பழம் 300 கிராம், கோதுமை மாவு 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், எண்ணெய் 80 மில்லி, தயிர் இரண்டு கரண்டி, ஆப்ப சோடா முக்கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் கரியமில வாயு வரும். அதுதான் கேக்கை உப்ப வைக்கிறது. அதனால் கலந்து வைத்துவிட்டுப் போனில் பேசப் போகக் கூடாது, உடனே உள்ளே போகணும். சிறு தீயில் 45 முதல் 50 நிமிஷம். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வரணும்.

முட்டை இல்லாத கேக்கும் நமக்குப் புதிதில்லை. ஹாசனிலிருந்து பெங்களூரு வந்த ஐயங்கார் குடும்பம் 1898இல் சிக்பேட்டையில் தொடங்கிய பேக்கரியின் வழியில்தான், இன்று ஊருக்கு ஊர் பார்க்கிற ஐயங்கார் பேக்கரிப் பெயர்ப் பலகைகள் வந்தன.

மழை விட்டதும் பச்சைமலை

மூன்றாவது இன்பத்துக்குத் துறையூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை. சோபனபுரம் வழியாக ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. மேலே மலையாளி பழங்குடியினரின் ஊர்கள், மரவள்ளிக் காடு, பலா மரங்கள். மழைக்குப் பிறகு மங்களம் அருவியில் தண்ணீர் விழும். புளியஞ்சோலையில் ஓடுகிற ஐயாறு, மேலே கொல்லிமலையில் ஆகாயகங்கையாக விழுந்து வருகிற அதே ஆறு. மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும், பாறையில் இறங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் வேண்டுமென்றால், கார்த்திகையில் அந்த நிறம் நமக்குப் பூவில் கிடைக்கிறது. வேலியில் செங்காந்தள் பற்றி ஏறியிருக்கும். மொட்டு விரியும்போது இதழ் பச்சை கலந்த மஞ்சள், போகப் போக நுனியிலிருந்து சிவந்து கடைசியில் முழுச் சிவப்பு. மேப்பிள் இலை வாரக்கணக்கில் செய்வதை இது சில நாளில் செய்கிறது. ஈழத்தில் இதன் பெயரே கார்த்திகைப் பூ. கிழங்கிலிருந்து விதை வரை விஷம், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சரி, இலை எப்போதுதான் உதிர்கிறது?

அதே மலைப்பாதையில் மாசியில் போனேன். தேக்கு மொட்டையாக நின்றது. இலவ மரத்தில் ஒரு இலை இல்லை, கிளையெல்லாம் சிவப்புப் பூ. காலடியில் சருகு நொறுங்கியது. நம் இலையுதிர் காலம் அதுதான்: தை கடைசியிலிருந்து பங்குனி வரை.

குளிர்நாட்டு மரத்துக்குப் பகல் சுருங்குவதும் குளிர் வருவதும் அறிகுறி. இலையிலிருக்கும் நைட்ரஜன் சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு பச்சையத்தைக் கைவிடுகிறது. பச்சை போனதும், ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் நிறமிகள் தெரிகின்றன. சிவப்புக்கான ஆந்தோசயனின் மட்டும் பெரும்பாலும் அப்போது புதிதாக உருவாகிறது. காஷ்மீரத்துச் சினார் மரம் அக்டோபர் கடைசியில் தீப்பிடித்த மாதிரி நிற்பது இப்படித்தான். நம் காட்டு மரத்துக்கு எதிரி குளிர் இல்லை, தாகம். மழை நின்று மண் காயும்போது, இலை வழியாகப் போகிற தண்ணீரை மிச்சம் பிடிக்க இலையை உதறிவிடுகிறது. சிவந்து உதிர்கிற இலையை ஊருக்குள்ளேயே பார்க்கணுமா? தெருவோர நாட்டு வாதுமை மரத்தைத் தை, மாசியில் கவனியுங்கள். பள்ளிப் படத்தில் பார்த்த மரம் நம் வீதியிலேயே நிற்கும்.

ஆக, மகளின் கேள்விக்கு என் பதில்: மலையும் பழமும் எங்கேயும் போகாது, அடுத்த ஐப்பசிக்கும் இருக்கும். போர்வைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. எங்கள் வீட்டு அலமாரியில் இன்று இருப்பதில் பெரும்பாலானவை செயற்கை இழைச் சேலைகள். அவை நையாது, வியர்வையை வாங்காது, போர்வைக்கு ஆகாது. கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் நூல், சுமார் 2,000 ஆண்டுக்கு முன்பு, அர்காருவின் மெல்லிய துணியைப் பற்றிச் சொல்கிறது. அது நம் உறையூர் என்பது அறிஞர்கள் கருத்து. அப்படிப்பட்ட பருத்தி ஊருக்குப் பக்கத்தில், ஒரு போர்வைக்கு வேண்டிய இரண்டு பழைய சேலை இன்னும் பத்து வருஷத்தில் எத்தனை வீட்டில் இருக்கும்?

அம்மாவின் 11 சேலையில் நான்கு போர்வையாகிவிட்டன. ஒன்று என்னிடம், ஒன்று அக்காவிடம். மீதி ஏழு. மூன்று போர்வைக்கு ஆறு, கிழிசலுக்கு ஒட்டுப் போட ஒன்று. ஒன்றைத் தைக்க மகள் உட்கார்ந்திருக்கிறாள், நான்காவது வரிசையில் இருக்கிறாள், தையல் என்னுடையதைவிட நேராகவே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பாத்திரக்காரர் குரல் கேட்டால், மூட்டையைக் கொடுக்குமுன் பருத்தி எது என்று மட்டும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.