அட்டையில் எவ்வளவு எழுதுவது?

மென்பொருள் துறையில் அஜைல் எனப்படும் முறை, வேலை முழுவதையும் தடித்த ஆவணமாக எழுதி முடித்த பின்னரே நிரல் எழுதத் தொடங்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, ஓரிரு வாரங்களில் முடியக்கூடிய சிறு பகுதிகளாக வேலையைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்தியபடியே முன்னேறுவதாகும். அத்தகைய ஒரு பகுதியைப் பயன்படுத்துவோரின் தேவையாகச் சொல்லும் குறிப்பே யூசர் ஸ்டோரி, சுருக்கமாகக் கதை. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்துக்காக ஊதியக் கணக்கு மென்பொருள் எழுதிய கென்ட் பெக் குழுவினர் இதைச் சிறு அட்டைகளில் எழுதினர். அட்டையில் கொள்ளாதவற்றை வாடிக்கையாளரிடம் நேரில் பேசித் தெரிந்துகொள்வதே அவர்களது ஏற்பாடு. அக்குழுவைச் சேர்ந்த ரான் ஜெஃப்ரீஸ் 2001இல் இதை அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என மூன்றாக வகுத்தார். பின்னர் வந்த பல குழுக்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் நழுவவிட்டதனால்தான், கதையில் எவ்வளவு விவரம் எழுதுவது என்ற கேள்வியே தீராத வழக்காக நீடிக்கிறது.

பெண்ணாடத்துக்காரர் ஒருவர் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைப் பட்டறை நடத்துகிறார் என்றும், ஆர்டர்களைக் கண்காணிக்க ஒரு செயலி கேட்கிறார் என்றும் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளலாம். 'பட்டறை உரிமையாளராகிய எனக்கு, வாடிக்கையாளரிடம் தேதி சொல்வதற்காக, ஒவ்வோர் ஆர்டரும் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்' என்பது கதை. இன்னார், இன்ன பயன், இன்ன வசதி என்ற மூன்றும் அமைந்த இந்த வாசக அமைப்பு, 2001 அளவில் லண்டனின் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் உருவாகிப் பரவியது. படிப்பதற்குக் குறையொன்றும் தெரியாது. ஆனால் களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, உலர்த்தி, சுட்டு, பளபளப்புப் பூச்சிட்டு, மீண்டும் சுடும் தொழிலில் ஒவ்வொரு கட்டத்திலும் சில உருப்படிகள் விரிசல் விடும், சில கோணிக்கொள்ளும். 500 பொம்மைகளுக்கான ஆர்டரில் 470 மட்டுமே நல்லவையாகச் சூளையிலிருந்து வந்தால் அந்த ஆர்டர் முடிந்ததா, முடியவில்லையா? மீதி 30 அடுத்த சூளையில் வேறொருவரின் சரக்கோடு சேர்ந்து வேகும்போது, நிலையை ஆர்டருக்குக் குறிப்பதா, சூளைக்குக் குறிப்பதா? சூளையையே பார்த்திராத நிரலாளர், 'தொடங்கியது', 'முடிந்தது' என இரண்டே நிலைகளை வைத்துச் செயலியை முடித்துவிடுவார். பட்டறையில் அது முதல் நாளே பயனற்றுப் போகும்.

எழுதியே ஆக வேண்டிய விவரம் இத்தகையதுதான். இக்கேள்விகளுக்குப் பேசி முடிவான விதிகளை ஏற்பு நிபந்தனைகள் என்பர். அதாவது, வேலை சரியாக முடிந்ததா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியங்கள். 'நல்ல உருப்படிகள் ஆர்டர் எண்ணிக்கையை எட்டும்வரை முடிந்ததாகக் காட்டக் கூடாது', 'உடைந்தவற்றைப் பதிந்தவுடன் இன்னும் எத்தனை வார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும்' என நான்கைந்து இருந்தால் போதும். பதினைந்தாகப் பெருகினால், ஒரே கதைக்குள் பல கதைகள் புகுந்திருக்கின்றன என்று பொருள். அவற்றைப் பிரிப்பதே முறை. பொத்தானின் நிறம், தரவுத்தள அட்டவணையின் பெயர் போன்றவை பெரும்பாலும் கதைக்குள் வர வேண்டியதில்லை. அவற்றையும் எழுதிவைத்தால் நிரலாளர் இதைவிட நல்ல வழியைத் தேடமாட்டார். எல்லாம் முடிவாகிவிட்டதுபோன்ற தோற்றம் எழுவதால் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்கமாட்டார்.

எல்லாக் கதைகளுக்கும் ஒரே நாளில் விவரம் எழுதுவதும் வீண். ஆறு மாதம் கழித்து வரவிருப்பதற்கு ஒரு வரி போதும். அடுத்த இரு வாரங்களில் கையில் எடுக்கவிருப்பதற்கே முழு நிபந்தனைகள் தேவை.

இவையெல்லாம், கேட்டால் பதில் சொல்ல ஆள் அருகில் இருப்பதை நம்பியவை. இதற்குப் பழைய எடுத்துக்காட்டொன்றும் உண்டு: பெண்ணாடத்தில் பிறந்தவராகச் சைவ மரபு போற்றும் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞான போதம் என்னும் நூலின் 12 சூத்திரங்கள் 40 அடிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. எதிரில் அமர்ந்து கேட்ட மாணவருக்கு ஆசிரியரின் விளக்கமும் உடன் கிடைத்தது. பல நூற்றாண்டுகள் தள்ளிவந்தவர்களுக்கோ, 18ஆம் நூற்றாண்டின் சிவஞான முனிவர் மாபாடியம் என்னும் பேருரையை எழுத வேண்டியதாயிற்று. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்துகொண்டு, ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்தங்கிய நியூயார்க் வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் குழுவின் நிலையும் இத்தகைய தொலைவுதான். காலையில் எழும் ஓர் ஐயத்துக்கு மாலைக்கு முன் பதில் வராத இடத்தில், கிறைஸ்லர் குழுவைப் பார்த்து ஒரு வரிக் கதை எழுதுவது அஜைல் ஆகாது. அத்தகைய குழு நிபந்தனைகளையும், ஓரிரு எண் எடுத்துக்காட்டுகளையும், எதைச் செய்யப் போவதில்லை என்பதையும் எழுதியே வைக்க வேண்டும்.