ரிங் வைத்த பிறகு

கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ தளர்ந்து கீழே இறங்கினால், அதைத் தாங்க யோனிக்குள் வைக்கும் சிலிக்கோன் சாதனம் பெசரி. நம் பெண்கள் சுருக்கமாக 'ரிங்' என்பார்கள். எல்லோருக்கும் இது ஒத்துவராது. 2022இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், பெசரியோடு தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஆண்டுகளுக்குள் சத்திரசிகிச்சைக்கு மாறிவிட்டார்கள். பொருந்தியவர்களோ ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம்.

ஆண்டுக்கணக்கில் என்றால் கழற்றாமலே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைந்து யோனிச் சுவர் மெலிகிறது. ரிங் ஒரே இடத்தில் உரசி அங்கே புண்ணாகும். நாற்றத்தோடு வெள்ளைபடும், இரத்தம் கசியும். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் அதைக் கழற்றி, கழுவி, சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். புண் இருந்தால் சில வாரம் வைக்காமல் விட்டு, ஈஸ்ட்ரஜன் கிறீம் தருவார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கிறீமுக்கு முன் அதைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் சதை வளையத்தின் மேல் வளர்ந்து மூடலாம். அரிதாக, சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழும்.

யாரும் வேண்டுமென்று மறப்பதில்லை. இங்கே கனடாவின் ஒன்ராறியோவில், ஸ்காபரோவிலிருந்து ஒஷாவாவுக்கு வீடு மாறும்போது குடும்ப வைத்தியர் மாறுகிறார். நினைவூட்டல் கடிதம் பழைய முகவரிக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துக்குப் போன அம்மா ஆறு மாதம் தங்கிவிடுகிறார். வயதோடு ஞாபகமும் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரிங் இருப்பதே வீட்டில் தெரியாது. மகனை மொழிபெயர்க்க வைத்து இதைப் பேச எந்த அம்மாவுக்கு வாய் வரும்? மகளோ மருமகளோ ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

தானே கழற்றி மாட்டப் பழகுவது இன்னும் நல்லது. 2023இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 340 பெண்கள் பங்கெடுத்தார்கள். தாங்களே பராமரித்தவர்களின் வாழ்க்கைத் தரம் கிளினிக்குக்குப் போனவர்களுடையதைப் போலவே இருந்தது, சிக்கல்கள் குறைவு. இரவில் எடுத்து, மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, காலையில் வைக்கலாம். விரல் மூட்டு வலியென்றால் டென்டல் ஃப்ளோஸ் நூலை வளையத்தில் கட்டிவிட்டால் இழுப்பது சுலபம். தண்டு வைத்த கெல்ஹார்ன் வகையைத் தானே எடுப்பது கடினம். கனசதுர வகையை அன்றாடம் எடுத்தே ஆகவேண்டும். மலச்சிக்கலைக் கவனியுங்கள், முக்கினால் ரிங் கழிப்பறைக்குள் போய்விடும், அது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது!

ஒன்ராறியோவில் மருத்துவரைப் பார்க்க மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் போதும். பெசரியின் விலை பொதுவாகக் கைக்காசு, அல்லது வேலையிடக் காப்புறுதி. இரத்தம் கசிந்தால், நாற்றமடித்தால் அடுத்த தவணைவரை காத்திராமல் கிளினிக்கை அழையுங்கள். இரவென்றால் 811 என்ற தொலைபேசி எண்ணில் தாதியிடம் கேட்கலாம். சிறுநீர் அடைபட்டாலோ, யோனி வழியே சிறுநீரோ மலமோ கசிந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். பெசரியின் வகை, அளவு, கடைசியாகக் கழற்றிய திகதி மூன்றையும் ஒரு துண்டில் எழுதி ஹெல்த் கார்ட்டோடு வைத்திருந்தால், புதிய மருத்துவர் முதலிலிருந்து தேடவேண்டியதில்லை.