கிணற்றடியில் தொடங்கிய ஆலைகள்

கோவைப் பஞ்சாலைகளின் கதையை 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையிலிருந்து சொல்வது வழக்கம். அடுத்து 1930-களில் வந்த பைக்காரா மின்சாரம், பிறகு வரிசையாக எழுந்த ஆலைகள், அவற்றின் நிறுவனர்கள். இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் ஆலை கட்ட உள்ளூரில் பணம் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

கொங்கு மண்ணின் தொழில் வரலாற்றைப் புதிதாக ஆராய்ந்தவர்கள் அந்தப் பதிலைத் தேடிப் பருத்திக் காட்டுக்குப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பரவிய கம்போடியா பருத்திக்கு இழையும் நீளம், விலையும் அதிகம். ஆனால் தண்ணீர் வேண்டும். கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்த குடும்பங்களிடம் காசு சேர்ந்தது. 1930-களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தபோது, கிராமத்துப் பணம் நகரத்துத் தொழிலை நாடியது. வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பேக்கர் 1984-இல் எழுதிய நூல் இந்தத் தொடர்பை விரிவாகக் காட்டியது.

பனியன் தொழிலை ஆராயத் திருப்பூருக்கு வந்த ஆய்வாளர் ஷரத் சாரி, 2004-இல் வெளியான தம் நூலில் இன்னொரு கேள்வி கேட்டார்: பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த கவுண்டர் இளைஞர்கள் பலர் முதலாளிகளானது எப்படி? உழைப்பு என்று அவர்கள் சொன்னதை அவர் மறுக்கவில்லை. அந்த உழைப்புக்குக் கடனும் ஆர்டரும் தந்து தூக்கிவிட்ட உறவையும் சாதியையும் சேர்த்துப் பார்த்தார். தலித்துகளுக்கும் பெண்களுக்கும் அதே ஏணி கிடைக்கவில்லை. பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 1984-இல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தமும் இந்த வரலாற்றின் நடுப்பகுதிதான்; அடிக்குறிப்பல்ல.

நொய்யல் ஆற்றையும் இந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த வயல்கள் பாழாயின. 2011-இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. கிணற்று நீரால் வளர்ந்த தொழில், கிணற்று நீரையே கெடுத்ததை விட்டுவிட்டு எழுதும் வரலாறு அரைகுறையானது.

இன்று பழைய ஆலைகள் அடுக்குமாடிகளாக மாறிவருகின்றன. அவற்றின் பேரேடுகள், வருகைப் பதிவேடுகள், சங்கத் துண்டறிக்கைகள் எடைக்குப் போய்விட்டால், நிறுவனர்களின் சிலைகள் மட்டுமே சாட்சியாக நிற்கும். ஆலைக் குடும்பங்களும் தொழிற்சங்கங்களும் தங்களிடம் உள்ள ஆவணங்களைத் தர வேண்டும். பல்கலைக்கழகங்கள் அவற்றைக் காக்க வேண்டும். கதிர் ஓட்டிய பெண்களும் சாயத்தொட்டியில் நின்றவர்களும் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யவும் வேண்டும். அப்போதுதான் இது முதலாளிகளின் வரலாறாக மட்டுமன்றி, ஊரின் வரலாறாகவும் ஆகும்.