சொல்லப்படாத சாட்சி

துப்பறியும் கதைகளில் குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் இறுதியில்தான் வெளிப்படும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஐ கன்ஃபெஸ்’ என்னும் திரைப்படமோ அதனைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. அவ்வாறாயின் எஞ்சும் மர்மம் யாது?

கதை நிகழுமிடம் கனடாவின் கியூபெக் நகரம். தேவாலயப் பணியாளன் கெல்லர், குருவின் அங்கியை அணிந்து சென்று வில்லெட் என்னும் வழக்கறிஞரைக் கொல்கிறான். அன்றிரவே அருள்தந்தை லோகனிடம் பாவ அறிக்கை செய்கிறான். அவ்வாறு கேட்டதை எந்நிலையிலும் குரு வெளியிடலாகாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. 1215ஆம் ஆண்டிலேயே நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதனை வலியுறுத்தியது. குருவின் உயிருக்கே இடர் வந்தாலும் இவ்விதிக்கு விலக்கில்லை.

கொலை நடந்த வீட்டிலிருந்து குரு ஒருவர் வெளியேறியதைச் சிறுமியர் இருவர் கண்டிருந்தனர். ஐயம் லோகன்மீது விழுகிறது. அவர் குருவாகுமுன் அவரைக் காதலித்த ரூத், இன்று வேறொருவரின் மனைவி. பழைய நட்பைக் காட்டி அவளை வில்லெட் மிரட்டிவந்தான். லோகனைக் காக்க எண்ணிய அவள், அன்றிரவு 9 மணி முதல் 11 மணிவரை அவருடன் இருந்ததையும் அதன் காரணத்தையும் வெளிப்படுத்துகிறாள். கொலை நிகழ்ந்ததோ 11.30 மணிக்கு! காக்க வந்த சொல்லே கொலைக்கான நோக்கத்தை மெய்ப்பிக்கும் சான்றாகிவிடுகிறது. படத்தின் மிகக் கூர்மையான திருப்பம் இதுவே எனலாம்.

லோகனாக நடித்த மான்ட்கோமரி கிளிஃப்ட்டுக்கு உரையாடல் குறைவு. கண்களே பேசுகின்றன. நீதிமன்றத்தில் அவர் பொய் உரைப்பதில்லை. உண்மையைச் சொல்லவும் இயலவில்லை. நடுவர் குழு, சான்று போதாதென்று விடுவிக்கிறது. நீதிபதியோ அத்தீர்ப்பில் தமக்கு உடன்பாடில்லை என்கிறார். வெளியே கூடிநின்ற மக்கள் அவரை இகழ்ந்து நெருக்குகின்றனர். விடுதலை பெற்றும் அவர் குற்றவாளியே!

அக்காட்சியைப் பொறுக்கமாட்டாமல் உண்மையைக் கூற ஓடிவந்த தன் மனைவியையே கெல்லர் சுட்டு வீழ்த்துகிறான். பின்னர் ஷாட்டோ ஃபிரான்டெனாக் விடுதிக்குள் ஒளிகிறான். லோகன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என நம்பி, காவலர் கேட்கக் கொலையைத் தானே உரக்க வெளியிடுகிறான். லோகன் அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.