கரையோரமாக ஒரு பகல் நடை

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி என்று ஏரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே அமைந்த மேற்குச் சென்னை ஊர்களில் வாழ்கிற நமக்குச் சமுத்திரம் என்பது, பெரும்பாலும், வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டுகிற ஒன்றாகவே இருந்து வருகிறது. காணும் பொங்கலன்று குடும்பத்தோடு புறப்படுவது, அண்ணா சமாதி அருகே இறங்குவது, மணலைக் கடந்து அலையில் கால் நனைப்பது, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை வாங்கித் தின்பது, இருட்டுவதற்குள் ரயிலைப் பிடிப்பது என்ற அளவோடு நம் கடற்கரை உறவு முடிந்துவிடுகிறது. இவை யாவும் இன்பமான காரியங்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரே இடத்தில் நின்று பார்க்கிறவருக்குக் கடல் தெரிகிறதே ஒழிய, கரை தெரிவதில்லை. கரையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர், ஒரு பகற்பொழுதை அதற்கென்றே ஒதுக்கிக்கொண்டு, கோட்டையிலிருந்து தெற்கு நோக்கி, அடையாற்று முகத்துவாரம் வரையிலுள்ள ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரத்தையும் தனியாக நடந்து பார்க்க வேண்டும்.

இப்படிக் கரையோரமாக நடப்பதை ஒரு தேசியப் பழக்கமாகவே ஆக்கிக்கொண்ட நாடு கொரியா. அங்கே ஜேஜு என்னும் தீவில் பிறந்து பத்திரிகையாசிரியராகப் பணியாற்றிய சுஹ் மியுங்-சூக் என்ற அம்மையார், ஸ்பெயின் தேசத்துச் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை நடந்து முடித்துத் திரும்பிய பின்பு, அத்தகைய பாதையொன்று தம் சொந்தத் தீவிலும் இருக்கலாகாதா என்று எண்ணி, 2007-ஆம் ஆண்டில் 'ஒல்லே' என்னும் நடைபாதையின் முதற்பகுதியைத் தொடங்கினார். இன்று அது தீவைச் சுற்றி நானூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீண்டு கிடக்கிறது. கொரியாவின் கிழக்குக் கரையிலோ, பூசான் நகரத்தில் தொடங்கி வடக்கே கோசோங் வரை செல்லும் பாதை ஐம்பது பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று, தனியாக வருகிறவரும் அச்சமின்றி நடக்கும்படி அம்புக்குறிகளும் துணி நாடாக்களும் வழி காட்டுகின்றன. நம் பூவிருந்தவல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் செய்துவரும் ஹூண்டாய் தொழிற்சாலையின் பொருட்டு இந்தப் பக்கம் குடியேறிய கொரிய மக்களை நாம் நன்கு அறிவோம். அவர்கள் நாட்டுக் கரையைவிட நம் கரை எந்த விதத்திலும் செய்தியில் குறைந்ததன்று. வழி காட்டும் குறிகள்தாம் இங்கே இல்லை.

ஆவடிக்காரர்களுக்கு இந்தப் பிரயாணத்தில் ஒரு விசேஷ உரிமையும் உண்டு. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கடலோரத்து ராயபுரத்திலிருந்து மேற்கே வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டபோது, அது நம் ஊர் வழியாகத்தான் சென்றது. அதே தடத்தில் விடியற்காலை மின்சார ரயிலில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆனால், அந்த நிலையத்தில் இறங்குகிறவர் கண்ணுக்குக் கடல் தென்படாது. துறைமுகத்தின் மதில்தான் தென்படும். அந்த மதிலே நம் நடையின் முதற்பாடம் என்று சொல்ல வேண்டும்.

தனியாகப் போவானேன் என்று கேட்கலாம். துணையோடு போனால் வீட்டுப் பேச்சும் அலுவலகப் பேச்சும் கூடவே வந்துவிடுகின்றன. கண் பார்த்ததை மனம் வாங்கிக்கொள்ள இடமில்லாமல் போகிறது. தனியாக நடக்கிறவரோ, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கலாம், ஒரு கல்வெட்டைப் படிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம், வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "ஐயா, இன்று என்ன காற்று?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுவதும் கேட்கலாம்.

கடற்கரை நிலையத்திலிருந்து ராஜாஜி சாலை வழியே தெற்கே வந்தால், வலப்புறம் உயர்நீதிமன்றமும், அடுத்துச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையும் வரும். 1639-இல் இந்த மணல்மேட்டை ஆங்கிலக் கம்பெனியார் பெற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கியபோது, கப்பல்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஏற்ற இயற்கைத் துறை எதுவும் இங்கே இருந்ததில்லை. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி, பொங்கி விழும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்களே. அவர்களுடைய தோள்வலியும் கடலறிவும் இல்லையானால் சென்னப் பட்டணம் என்று ஒன்று உண்டாகியிருக்காது. அக்காலத்தில் கோட்டை மதிலுக்கு மிக அருகிலேயே அலை வந்து மோதிற்று. இன்றோ கோட்டை வாசலில் நின்றால் கடலோசை கூடக் கேட்பதில்லை.

கடல் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை வடக்கே நாம் கண்ட துறைமுக மதிலில் இருக்கிறது. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கடலுக்குள் இரண்டு பெரிய கற்கரங்களை நீட்டி அமைக்கப்பட்ட துறைமுகம், 1881-ஆம் ஆண்டுப் புயலில் பெரிதும் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. 1904-க்குப் பின் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியலறிஞர் அதன் வாயிலையே வடகிழக்குப் பக்கம் மாற்றி அமைத்துத் துறைமுகத்தை நிலைபெறச் செய்தார். வாயிலை மாற்ற வேண்டி வந்ததற்கு மணலே காரணம். நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் நீண்ட மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால், மணல் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவக் காற்றின் சில மாதங்களில் அது தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. அந்த யாத்திரையை இடையிலே துறைமுகத்தின் தென்கரம் தடுத்து நிறுத்தியது. தடுக்கப்பட்ட மணல் தெற்குப் பக்கத்தில் ஆண்டுதோறும் சேர்ந்து சேர்ந்து, கடலைக் கிழக்கே தள்ளிற்று. உலகப் புகழ் பெற்ற நம் மெரினாவின் விஸ்தாரமான மணல்வெளியில் பெரும்பகுதி இவ்வாறு உண்டானதே ஆகும்.

கலங்கரை விளக்கங்களின் வரலாறும் இந்தப் பாதையிலேயே வரிசையாக அமைந்திருக்கிறது. 1796-இல் முதல் விளக்கு கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் எரிந்தது. 1844-இல் இரண்டாவது விளக்கு, இப்போது உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கும் கருங்கல் தூணில் ஏறிற்று. 1894-இல் மூன்றாவது, அந்த நீதிமன்றத்தின் கோபுர உச்சிக்குச் சென்றது. 1977-இல் நான்காவது, மெரினாவின் தென்பகுதியில் தனிக் கோபுரமாக எழுந்தது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த நிகழ்ச்சியை நினைவூட்டும் கல்லொன்றும் நீதிமன்ற மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது.

கூவத்தின் மேல் 1869-இல் அமைந்த நேப்பியர் பாலத்தைக் கடந்தால் காமராஜர் சாலை தொடங்குகிறது. பாலத்தின்மேல் சற்று நின்று கிழக்கே நோக்குகிறவர், ஆற்றின் வாயை மணல் எப்படி அடைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்பதைக் கண்கூடாகக் காணலாம். துறைமுகத்தைப் பற்றிச் சொன்னதற்கு இது ஒரு சாட்சி. அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரை, ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் அமைத்த உலாவிடத்தின் வழியே செல்லும்போது, வலப்புறத்தில் நூற்றாண்டுகள் அணிவகுத்து நிற்கின்றன. சிஷோல்ம் என்னும் கட்டடக்கலை வல்லுநர் 1874-க்கும் 1879-க்கும் இடையே எழுப்பிய சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் மண்டபம், 1768-இல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி ஆகியவற்றையடுத்து, வட்ட முகப்போடு விவேகானந்தர் இல்லம் தோன்றும். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டப்பட்ட அந்த ஐஸ் ஹவுஸில்தான், 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியிருந்தார். பிற்காலத்தில் மணல் சேர்ந்த பக்கத்திலோ, கட்டடங்களுக்குப் பதிலாக மனிதர்களின் நினைவு நிறைந்திருக்கிறது. சிங்காரவேலர் 1923 மே முதல் தேதி இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியது இந்தக் கரையில்தான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையும் இங்கேதான் பாறையைப் பெயர்த்துக்கொண்டு நிற்கிறது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், வீரமாமுனிவர், போப் முதலியோரின் சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

கலங்கரை விளக்கத்தின் மேல்தளத்துக்குச் செல்லப் பார்வையாளருக்கு அனுமதி தரப்படும் நேரத்தில் அங்கே போய்ச் சேருவது நல்லது. மேலிருந்து பார்க்கும்போது, வடக்கே துறைமுகத்தை நெருங்க நெருங்க மணல்வெளி அகன்று, தெற்கே சாந்தோமை நோக்கிப் போகப் போகக் குறுகுவது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

விளக்கத்துக்குத் தெற்கே உலாவிடம் முடிந்து, வாழ்விடம் தொடங்குகிறது. நொச்சிக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளில் காலையில் போனால், கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகள் கரையேறுவதையும், நண்டும் சங்கராவும் வலையிலிருந்து கழற்றப்படுவதையும், பெண்கள் விலை பேசுவதையும் காணலாம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளைப் பெயரிட்டு அழைத்து, எந்தக் காற்றில் தண்ணீர் எப்படி ஓடும், எந்த மீன் எந்தப் பக்கம் வரும் என்று கணிக்கிற அறிவு, புத்தகங்களுக்கு வெளியே இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து உயிர்களையும் உடைமைகளையும் வாரிக்கொண்டு போன பின்னரும், அதே கடலில் மறுபடி படகை இறக்கியவர்கள் இவர்கள். ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுவதும் இந்த மணலில்தான். அவற்றின் முட்டைகளைப் பாதுகாக்க 1988 முதல் மாணவர் அமைப்பொன்று இரவு முழுவதும் கரையில் நடந்து வருவதை எண்ணிப் பார்த்தால், பகலில் நடக்கும் நம் சிரமம் ஒரு சிரமமாகவே தோன்றாது.

சாந்தோமில் 1896-இல் எழுந்து வெண்ணிறத்தோடு நிற்கும் பேராலயம், இயேசுவின் சீடரான தோமையாரின் கல்லறை மேல் அமைந்தது என்பது கிறிஸ்தவ மரபு. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்து இங்கே கோயில் கட்டினர். மயிலைக் கபாலீசுவரர் கோயிலும் முற்காலத்தில் கடலோரமாகவே இருந்தது என்பது வழிவழி வரும் செய்தி. மயிலையின் மாசிக் கடலாட்டு விழாவைத் திருஞானசம்பந்தர் பாடியிருப்பதால், அவ்வூருக்கும் அலைக்கும் இருந்த நெருக்கம் தெளிவாகிறது.

பட்டினப்பாக்கத்தைத் தாண்டிச் சீனிவாசபுரத்தின் கோடியில் அடையாறு கடலோடு கலக்கிறது. இதன் கரையிலேதான், 1746 அக்டோபரில், மதராஸைப் பிடித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரரின் சிறு படையொன்று, ஆர்க்காட்டு நவாபின் பெருஞ்சேனையைத் தோற்கடித்து, ஒழுங்காகப் பயின்ற துப்பாக்கிப் படைக்கு முன்னால் எண்ணிக்கை நிற்காது என்பதை ஐரோப்பியருக்கு உணர்த்திற்று. பின்னர் இத்தேசம் அடைந்த கதிக்கு அது ஒரு தொடக்கம். எதிர்க்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தோப்புகள் பச்சைப் பசேலென்று விரிந்திருக்கின்றன. நீர்ப்பறவைகளும், வெள்ளத்தில் இடிந்து பாதியில் நிற்கும் பழைய பாலமும் இந்த முகத்துவாரத்தின் காட்சிகள். நடை இங்கே நிறைவடைகிறது.

புறப்பட எண்ணுகிறவர்களுக்கு அனுபவத்தின் பேரில் சில வார்த்தைகள். மார்கழி, தை, மாசி மாதங்கள் உகந்தவை. வெயில் ஏறுமுன் கோட்டையை விட்டுவிட வேண்டும். தொப்பி, தண்ணீர், மணலுக்கேற்ற செருப்பு ஆகியவை போதும். அலையில் காலை நனைக்கலாமே அன்றி, தனியாக வந்தவர் ஒருநாளும் இறங்கிக் குளிக்கலாகாது. மெரினாவின் உள்ளிழுப்பு நீந்தத் தெரிந்தவரையும் விடுவதில்லை. குடியிருப்புகளில் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பது மரியாதை. திரும்புவதற்குப் பட்டினப்பாக்கத்திலிருந்து மேற்கே மந்தைவெளி வரை நடந்து பறக்கும் ரயிலைப் பிடிக்கலாம்.

இந்த நடையை முடித்தவருக்கு ஒரு கடமை மீதி இருக்கிறது. தெற்கே மணலைக் குவித்த அதே துறைமுகம், வடக்கே போக வேண்டிய மணலைத் தடுத்துவிட்டதால், காசிமேடு முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரையைக் கடல் பல ஆண்டுகளாக அரித்துத் தின்றிருக்கிறது. வீடுகளும் தெருக்களும் போய், இன்று கருங்கற்களைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காக்கிறார்கள். மெரினாவில் நாம் அனுபவிக்கும் அகலம், அந்த மக்கள் இழந்த நிலத்தோடு நேரடியான உறவு கொண்டது. எனவே தென்கரையின் இன்பத்தை ஒரு பகல் அனுபவித்தவர், இன்னொரு பகலை வடகரைக்குக் கொடுத்து, அந்தக் கற்களின் ஓரமாக எண்ணூர் நோக்கி நடந்து பார்ப்பதே நியாயம். கரையில் எந்த இடத்திலாவது புதிதாக ஒரு சுவரோ கற்கரமோ எழும் என்று செய்தி வருகிறபோது, அதனால் யாருடைய மணல் யாருக்குப் போகும் என்று கேட்கத் தெரிந்த குடிமக்கள், இரண்டு கரைகளையும் நடந்து பார்த்தவர்களிலிருந்துதான் தோன்றுவார்கள்.