தெருவைப் பிடித்த பெட்டி

1895ஆம் ஆண்டு மார்ச் மாதம். பிரான்ஸில், லியோன் நகரத்து மோன்பிளேசிர் பகுதியில், ஒரு தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. நீளப் பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் கும்பலாக வெளியே வந்து, இடமும் வலமுமாகப் பிரிந்து நடக்கிறார்கள். ஒருத்தி விளையாட்டாகப் பக்கத்துப் பெண்ணின் பாவாடையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போகிறாள். நாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது. சைக்கிளோடு சில ஆண்கள் வருகிறார்கள். ஒரு நிமிடம் ஆவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. லூமியேர் சகோதரர்கள் உலகுக்குக் காட்டிய முதல் படம் இதுதான்.

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஷூ கம்பெனி வேலை விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. அங்கேயும் பெண்கள்தான் அதிகம். அங்கேயும் பேச்சும் சிரிப்புமாகத்தான் வெளியே வருவார்கள்.

இப்படிப்பட்ட பழைய தெருக்காட்சிகளை இன்று லட்சக்கணக்கானோர் கைபேசியில் பார்க்கிறார்கள். எந்த ஊர்க்காரர் பார்த்தாலும் மனதில் எழுவது ஏறக்குறைய ஒன்றுதான். இதில் நடக்கிற ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லையே! ஒருவர் கையிலும் போன் இல்லையே! டிராமும் குதிரை வண்டியும் ஆட்களும் மோதிக்கொள்ளாமல் எப்படிப் போகிறார்கள்? அந்தப் பையன் நின்று என்னையே பார்க்கிறானே! இந்த உருக்கம் நியாயமானது, மதிக்கத்தக்கது. காட்சியில் எது கேமரா பார்த்தது, எதைக் கேமராவால் பார்க்க முடியாமல் போனது, எதை இன்றைய கம்ப்யூட்டர் சேர்த்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த உருக்கம் குறையாது, இன்னும் ஆழமாகும். அதற்கு முதலில் அந்தப் பெட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் என்ன?

லூமியேர்களின் கருவிக்கு சினிமாட்டோகிராஃப் என்று பெயர். ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள மரப்பெட்டி. அதற்கு முன்பே அமெரிக்காவில் எடிசனின் கூடம் ஒரு படக்கருவியைச் செய்திருந்தது. ஆனால் அது கனமானது, மின்சாரத்தில் ஓடுவது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போக முடியாது; ஆட்டக்காரர்கள்தான் அதன் முன்னால் வந்து நிற்க வேண்டும். லூமியேரின் பெட்டியை ஒரே ஆள் கையில் எடுத்துக்கொண்டு எந்த மூலைக்கும் போகலாம். தெரு என்ற ஒன்று படத்தில் ஏறியதற்கு இந்த எடைக்குறைவுதான் காரணம்.

பெட்டிக்குள் நடக்கிற வேலை எளிமையானது. படச்சுருளின் ஓரத்தில் துளைகள் உண்டு. இரண்டு சிறு முட்கள் அந்தத் துளைகளில் நுழைந்து சுருளை ஒரு படத்தின் உயரத்துக்குக் கீழே இழுத்துவிட்டு விலகிக்கொள்ளும். இழுபடும்போது மூடி லென்ஸை மறைக்கும். சுருள் அசையாமல் நிற்கும் அந்த நொடித்துண்டில் மூடி விலகி வெளிச்சம் உள்ளே வரும். நகர்த்து, நிறுத்து, நகர்த்து, நிறுத்து. தையல் மிஷினில் துணி நகர்ந்து நின்று ஊசி இறங்குவதைப் பார்த்துத்தான் லூயி லூமியேருக்கு இந்த யோசனை வந்தது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த நடை கைக்கே தெரியும்.

பெட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி. நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 படங்கள் பதிவாகும். சுருளின் நீளம் சுமார் 17 மீட்டர். எனவேதான் இந்தப் படங்கள் எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அதே பெட்டியைக் கொண்டே படத்தைப் பிரதி எடுக்கலாம், பின்னால் விளக்கு வைத்துத் திரையில் காட்டவும் செய்யலாம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர்களின் படங்கள் ஓடின.

தோலும் படச்சுருளும்

லியோன் தொழிற்சாலையில் அந்தப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள்? புகைப்படக் கண்ணாடித் தகடுகள் தயாரிக்கும் ஆலை அது. தகடானாலும் சுருளானாலும் படம் தங்குவது கண்ணாடியிலோ செல்லுலாய்டிலோ இல்லை. அதன்மேல் பூசிய மெல்லிய ஜெலட்டின் படலத்தில்தான் தங்குகிறது. அந்த ஜெலட்டின் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது.

தோல் பதனிடும் ஊர்களில் இதைப் புரியவைப்பது சுலபம். பச்சைத் தோலில் கொலாஜன் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. ஆவாரம்பட்டைச் சாறோ குரோமிய உப்போ ஏற்றி அந்தப் புரதத்தைக் கட்டிப்போட்டால் அது அழுகாத தோல் ஆகிறது, செருப்பாகவும் ஷூவாகவும் உழைக்கிறது. பதனிடுவதற்கு முன் சீவி எறிந்த சவ்வையும் ஓரத்துண்டுகளையும் சுண்ணாம்பில் ஊறவைத்துக் கழுவி வெந்நீரில் காய்ச்சினால் அதே புரதம் கரைந்து பசையாகிறது. தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரம் இதுதான். அதையே பலமுறை சுத்திகரித்தால் ஜெலட்டின்.

1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெள்ளி புரோமைடுத் துகள்களை ஜெலட்டினில் கலந்து பூசிப் பார்த்தார். வெள்ளித் துகள்களை ஜெலட்டின் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் கரையாமல் உப்பி, படம் கழுவும் ரசாயனத்தை உள்ளே விடும். காய்ந்தால் மறுபடி இறுகிவிடும்.

இதைவிட வியப்பான இன்னொன்று உண்டு. ஒரே முறையில் செய்தும் சில ஜெலட்டின் வெளிச்சத்தைச் சட்டென்று பிடிப்பதும் சில மந்தமாக இருப்பதும் ஏன் என்று பல ஆண்டுகள் எவருக்கும் விளங்கவில்லை. 1925 வாக்கில் கோடாக் நிறுவனத்து வேதியியலாளர் சாமுவேல் ஷெப்பர்ட் விடையைக் கண்டுபிடித்தார். கடுகு வகைச் செடிகளிலிருந்து மாட்டின் உடம்புக்குப் போகும் கந்தகச் சேர்மம் மிகச்சிறிய அளவில் ஜெலட்டினில் தங்கி, வெள்ளித் துகள் வெளிச்சத்தை உணரும் திறனைக் கூட்டுகிறது. மாடு என்ன மேய்ந்தது என்பதுவரை படத்தின் தரத்தில் கணக்காகிறது.

காட்சிக்கு வெளியே மட்டுமா, உள்ளேயும் தோல்தான். அந்தக் காலத்து லண்டன் தெருப்படத்தில் பாதத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய எல்லோர் காலிலும் பூட்ஸ். குதிரைகளின் மேல் சேணம், வார், கடிவாளம். சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை போட்டு அரைப்பதமாக்கிய தோல்கள் அப்போது லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தன. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கும் அவை பயன்பட்டன. அதே காலத்து இந்தியத் தெருப்படங்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு நூற்றாண்டின் வணிக வரலாறு கால்களில் தெரிகிறது.

வேலூர்க்காரர் சுற்றிய கைப்பிடி

இந்தக் கைப்பிடியைச் சுற்றக் கற்றுக்கொண்ட முன்னோடித் தமிழர்களில் ஒருவர் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். சைக்கிளும் மோட்டார் உதிரிப் பாகங்களும் விற்றுக்கொண்டிருந்தவர், புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராப் பயிற்சி பெற்றார். சென்னை புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் கூடம் அமைத்து, 1917-18 வாக்கில் தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்தார்.

எடுத்த சுருளைக் கழுவ அவர் பெங்களூரு போக வேண்டியிருந்தது. அங்குள்ள குளிர்ச்சி தேவைப்பட்டது. காரணம் ஜெலட்டின்தான். ஈரமாக இருக்கும்போது சூடு கூடினால் அது இளகி, படத்தோடு சேர்ந்து வழிந்துவிடும். சென்னை வெயிலில் அந்த அபாயம் எப்போதும் உண்டு.

அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் பிழைத்து நிற்பது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' மட்டும். அன்றைய சுருளின் அடித்தளம் நைட்ரேட் வகைச் செல்லுலாய்டு. தீப்பிடித்தால் அணைக்க முடியாது; தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தன்னிடமே வைத்திருக்கும். ஈரமும் வெக்கையும் பட்டால் ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். எஞ்சிய பழைய சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றுவிடுவதும் நாடு முழுக்க நடந்தது. நூறு வயதான ஒரு தெருக்காட்சி நம் கண்ணுக்குக் கிடைக்கிறது என்றால், அது இத்தனையும் தாண்டி வந்திருக்கிறது.

ஏன் ஓடுகிறார்கள்?

பழைய படங்களில் மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடுவதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் அப்படி நடக்கவில்லை. நொடிக்கு 16 படமாக எடுத்ததை, பேசும்பட காலத்துக் கருவிகள் நொடிக்கு 24 படமாக ஓட்டின. ஒலி சீராகக் கேட்க வேண்டுமென்பதற்காக 1920களின் இறுதியில் நிலைத்த வேகம் 24. அதில் போட்டால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும். ஒரு நிமிட நடை 40 நொடியில் முடிந்துவிடும். கையால் சுற்றியதால் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கியும் இருக்கும்.

வேகத்தைச் சரிசெய்தால் நடப்பது பெரிய மாற்றம். கோமாளிகளாகத் தெரிந்தவர்கள் மனிதர்களாகிவிடுகிறார்கள். கையில் கூடையோடு போகிற பெண்ணின் களைப்பு தெரிகிறது. இன்றைய பார்வையாளர்கள் கண்கலங்குவதற்கு முதல் காரணம் இந்த எளிய திருத்தம்தான்.

சிவப்பு தெரியாத கண்

அன்றைய படச்சுருளுக்கு ஒரு குறை இருந்தது. நீல வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கும், சிவப்பை அறவே உணராது. நீல வானமும் வெண்மேகமும் ஒன்றாக வெளுத்துப்போகும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருள் 1920களில்தான் பரவியது.

இது நம் மக்களைப் படத்தில் எப்படிக் காட்டும் என்று யோசித்துப் பாருங்கள். அரக்குச் சிவப்புச் சேலை கட்டி, நெற்றியில் குங்குமமும் முகத்தில் மஞ்சளும் பூசிய பெண் தெருவில் வருகிறாள். சுருளில் சேலை கறுப்பாகிறது, குங்குமம் கரும்புள்ளியாகிறது, மஞ்சள் அழுக்குபோல் இருளாகிறது. பழுப்புத் தோலில் சிவப்பும் மஞ்சளும் கலந்திருப்பதால் முகமே உண்மையைவிடக் கறுத்து, கண்ணின் வெண்மை மட்டும் தூக்கித் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்து, அக்காலத்து மக்கள் இருண்டு சோர்ந்து கிடந்தார்கள் என்று எவராவது நினைத்தால் அது வேதியியலுக்கு ஏமாந்துபோவது. அந்தத் தெருவில் நிறம் இருந்தது, சுருளுக்குத்தான் அதைப் பார்க்கும் சக்தி இல்லை.

கம்ப்யூட்டர் வரைந்த முக்கால் பங்கு

2020இல் டெனிஸ் ஷிர்யாயேவ் என்பவர் லூமியேர்களின் ரயில் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் 4கே தெளிவுக்கு உயர்த்தி, நொடிக்கு 60 படமாக்கி வெளியிட்டார். உலகமே வியந்தது. அதன்பின் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ என்று பல நகரத் தெருக்கள் அப்படியே வழவழப்பாக, வண்ணத்தோடு, குளம்பொலியோடு வந்தன.

கணக்கைப் பாருங்கள். கேமரா எடுத்தது நொடிக்கு 16. திரையில் ஓடுவது 60. ஆக, நாம் பார்க்கும் படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று மென்பொருள் ஊகித்து வரைந்தது. வண்ணமும் அப்படித்தான். சுருளில் இருப்பது கறுப்பு வெள்ளை அளவு மட்டும். கறுப்பாகத் தெரியும் சேலை சிவப்பா, கரும்பச்சையா என்பது அதில் பதிவாகவே இல்லை. லட்சக்கணக்கான வேறு படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், பழக்கத்தை வைத்து ஒரு நிறத்தைப் பூசுகிறது. குளம்பொலியும் பிறகு சேர்த்ததுதான்.

திரைப்பட வரலாற்றாசிரியர்கள் பலர் இதனால் வருந்துகிறார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பலரை இழுத்து வந்து உட்காரவைத்ததற்கு இந்த வேலைக்கு நன்றி சொல்லலாம். ஆனால் பக்கத்திலேயே மூலப்படத்தையும் வைக்க வேண்டும், என்னென்ன சேர்த்தோம் என்று எழுதவும் வேண்டும்.

தெருவை வாசிப்பது

மூலத்தில்தான் சான்று இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட் தெருவில் ஓடும் டிராமின் முன்பக்கத்திலிருந்து எடுத்த புகழ்பெற்ற படம் 1905ஐச் சேர்ந்தது என்றே நீண்டகாலம் நம்பினார்கள். டேவிட் கீன் என்ற ஆய்வாளர் தெருவில் தேங்கிய மழைநீரைக் கவனித்தார், காரின் பதிவெண்ணைத் தேடினார், பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். படம் 1906 ஏப்ரலில், அந்த நகரத்தையே அழித்த நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்பு எடுத்தது என்று நிறுவினார். ஒரே கார்கள் கேமராவைச் சுற்றித் திரும்பத் திரும்ப வருவதும் தெரியவந்தது. தெருவில் அவ்வளவு கார்கள் இல்லை, இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். லியோன் ஆலைப் படமும் ஒரே தடவையில் எடுத்ததல்ல. மூன்று வடிவங்கள் இருக்கின்றன. எடுத்தவர் அந்தத் தொழிலாளிகளின் முதலாளி.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1899இல் படகிலிருந்து எடுத்த, இந்தியாவின் மிகப் பழைய படங்களில் ஒன்று, பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் இருக்கிறது. அதன் தலைப்பு கல்கத்தா என்கிறது. படத்தில் ஓடுவதோ காசியின் படித்துறைகள். தலைப்பு எழுதிய வணிகருக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான். அந்தப் படிகளில் கால் வைத்தவருக்குத்தான் பிழை தெரியும்.

ஆகவே பழைய தெருப்படத்தைப் பார்க்கும்போது ஊர்க்காரர்களின் அறிவுக்குப் பெரிய வேலை இருக்கிறது. தறியைத் தெரிந்தவர் சேலையைப் படிப்பார், மாட்டைத் தெரிந்தவர் வண்டியைப் படிப்பார், தோலைத் தெரிந்தவர் சேணத்தையும் செருப்பையும் படிப்பார். வீட்டில் பழைய எட்டு மில்லிமீட்டர் சுருளோ கல்யாண வீடியோ கேசட்டோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள். வெக்கை படாத இடத்தில் வையுங்கள், டிஜிட்டலுக்கு மாற்றுங்கள், எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஆண்டு, யார் யார் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். அந்த நான்கு விவரங்களை எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளாலும் பிற்காலத்தில் ஊகித்துச் சரியாகச் சொல்ல முடியாது.