அடுக்ககத்தில் ஒரு நாய்க்குட்டி

மும்பை, தில்லி, பெங்களூரு போன்ற பெருநகரங்களில், உயர்ந்த தளங்களில் வாழும் குடும்பங்களும் நாய் வளர்க்க விரும்புகின்றன. ஆனால் இரண்டு மாதக் குட்டி, மின்தூக்கி வரும்வரை சிறுநீரை அடக்கிக் காத்திருக்காது. நாளும் தரை துடைத்துச் சலித்து, குட்டியைத் தெருவில் விட்டுவிடுவோரும் உண்டு. பட்டினியால் துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டுக்குள்ளேயே கழிவுப் பெட்டியைப் பயன்படுத்தப் பழக்கினால் இந்நிலையைத் தவிர்க்கலாம்.

ஏன் வீட்டுக்குள்?

குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கும் தடுப்பூசித் தொடர், ஏறத்தாழ பதினாறு வாரங்கள்வரை நீள்கிறது. அதற்கு முன் பொது இடங்களில் உலவவிட்டால் பார்வோ வைரஸ் தொற்றக்கூடும். மும்பையின் மழைக்காலத்தில் தேங்கிய நீர்வழி எலிக்காய்ச்சல் பரவும் அபாயமும் நாய்க்கும் நமக்கும் உண்டு. படியிறங்க இயலாத முதியோருக்கும் கழிவுப் பெட்டி பேருதவியாகும்.

பெட்டியும் இடமும்

நாய் உள்ளே நின்று திரும்பும் அளவுக்கு அகலமான தட்டு வேண்டும். ஒரு பக்கம் தாழ்வாக இருத்தல் நலம். காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கும் ஆண் நாய்க்கு மற்றப் பக்கங்கள் உயரமாக இருக்க வேண்டும். செய்தித்தாள், காகித உருண்டைகள், செயற்கைப் புல்விரிப்பு ஆகியவற்றுள் ஒன்றை இடலாம். பூனைகளுக்கான, ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வேண்டா; குட்டி அதைத் தின்றால் குடலில் அடைப்பு நேரலாம். உணவுத் தட்டுக்கும் படுக்கைக்கும் எட்ட, பால்கனி மூலை போன்ற மாறாத ஓரிடத்தில் பெட்டியை வைப்போம். சிறிய இன நாய்களுக்கே இம்முறை மிகவும் ஏற்றது.

தவணை தவறாமை

தொடர் வைப்புக் கணக்கைப் போலவே இங்கும் தவணை தவறாமையே பலன் தரும். உறங்கி எழுந்ததும், உணவு முடிந்த கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள்ளும், விளையாடிய பின்னரும், இரவு படுக்குமுன்னும் குட்டியைப் பெட்டிக்கு அழைத்துச் செல்வோம். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரமே குட்டி அடக்கக்கூடிய பேரெல்லை எனப் பொதுவாகக் கணக்கிடுவர். பகலில் அதற்கு முன்பே அழைத்துச் செல்வது நன்று. ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொல்வோம். பெட்டியில் கழித்த அந்தக் கணமே பாராட்டி, சிறு தின்பண்டம் தருவோம். சற்றுத் தாமதித்தாலும் எதற்காகத் தந்தோம் என்பது குட்டிக்குப் புரியாது. நனைந்த காகிதத் துண்டொன்றை முதல் சில நாள் பெட்டியிலேயே விட்டுவைத்தால், வாசனையே வழிகாட்டும்.

தவறு நேர்ந்தால்

அடிப்பதோ, மூக்கை ஈரத்தில் தேய்ப்பதோ கூடாது. ஏனெனில் அதனால் குட்டி கற்பது, நம் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் கழிப்பதைத்தான். அசுத்தமான இடத்தை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைப்போம். அம்மோனியா கலந்தவை சிறுநீரின் வாடையை நினைவூட்டி, மீண்டும் அங்கேயே வரவழைக்கும். பழக்கம் படியும்வரை ஓர் அறையிலேயே கண்காணித்து, பிறகு மெல்ல மெல்ல வீடெங்கும் உலவவிடலாம். நன்கு பழகிய நாய் திடீரெனத் தவறினால், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரை அணுகுவது நலம்.

பெட்டி இருப்பதால் நடைப்பயிற்சியை நிறுத்திவிடலாகாது. தடுப்பூசிகள் முடிந்தபின் வெளியுலகமும் பிற நாய்களின் பழக்கமும் அதற்குத் தேவை. இவையனைத்துக்கும் நாளும் நேரம் வேண்டும். காலையில் பெட்டியைத் துப்புரவாக்குபவர் யார், நண்பகலில் வீட்டில் இருப்பவர் யார் என்பதைக் குட்டியை அழைத்துவரும் முன்பே குடும்பத்தார் கூடி முடிவு செய்துகொள்வோம்.